வீக்கத்துக்கேற்ற விரல்

சித்ரா என்பது பஹ்ரைனில் ஒரு தீவு.
பவளக்கொடி ஒரு மாதம் நம்பவில்லை.
அங்கேதான், அலுமினியச் சட்டம் வளைக்கும் பட்டறையில்,
என் வலது கட்டைவிரலின் சதை
கையுறையோடு சேர்ந்து கழன்றது.
எலும்பு மட்டும் நின்றது
உரித்த மரவள்ளிக்கிழங்கு போல.

டாக்டர் ஹனான் படம் வரைந்து காட்டினார்:
தொடையிடுக்கில் நாக்கு அளவு தோலைக் கிளப்பி
ஒரு முனையை வேரோடு விட்டுவிட்டு
மறுமுனையை எலும்பில் சுற்றித் தைப்பது.
மூன்று வாரம் கை அங்கேயே இருக்கும்.
அந்த 'அங்கேயே'வை மட்டும்
மலையாளி நர்ஸ் தரையைப் பார்த்து மொழிபெயர்த்தாள்.

இருபத்தொரு நாள்
கை என் இடுப்புக்குப் பிறந்த பிள்ளை.
லுங்கி கட்டிவிட்டவன் கொமில்லாக்காரன் மொஃபிஸ்.
சோறு இடது கையால்.
மற்றதற்கு எந்தக் கை என்று
கேட்காதீர்கள்.

வீடியோ காலில் அவள்:
"எப்பப் பாரு என்ன, பாக்கெட்லயே கை?"
"குளிருது" என்றேன்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை.
தோலின் அடிவேரை ரப்பர் குழாயால் இறுக்கினார்கள்.
இனி கை கொடுக்கும் ரத்தத்தில் அது பிழைக்க வேண்டும்.
கடிகாரத்தைப் பார் என்றார் டாக்டர்.
நான் விரலைப் பார்த்தேன்.
கறுக்கவில்லை.
அழுத்தி விட்டார்.
போன நிறம்
கடன் வாங்கியவன் திரும்பி வருவது போல
யோசித்து யோசித்து
வந்தது.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள்.
இது வீக்கத்துக்கேற்ற விரல்.
நான் பெருத்தால் இதுவும் பெருக்கும், தொப்பையின் பங்காளி.
முடி வேறு முளைக்கிறது.
வெள்ளிக்கிழமை தாடையோடு இதற்கும் சவரம்.
கொப்புளம் வந்த பிறகுதான் தெரிகிறது
டீ சூடாக இருந்ததென்று.

நஷ்டஈட்டுப் படிவத்தில்
வலது பெருவிரல் ரேகை கேட்டார்கள்.
மையில் ஒற்றி வைத்தேன்.
கோடே இல்லாத ஒரு நீல முட்டை.
இனி என்னை யாரும் கைநாட்டு என்று ஏச முடியாது.

குமாஸ்தா தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.
மறுபடி, என்றார்.
இன்னொரு முட்டை.
"இதில் நீ இல்லையே."
இருக்கிறேன் சார்.
எந்த இடத்து நான் என்பதைத்தான்
படிவத்தில் எழுதக் கட்டம் இல்லை.

அவர் பொறுமை இழந்து
தன் மெல்லிய மணக்கும் கையால்
அந்தத் தோலைக் கெட்டியாகப் பிடித்து
தானே ஒரு முறை
உருட்டினார்.

நான் வாயைத் திறக்கவில்லை.