ஒன்றுக்கு இரண்டே கால்

சேலம் பெரியாஸ்பத்திரி, எலும்பு வார்டு.
விடிகாலை நாலரைக்கு
விழித்திருப்பது மூன்று பேர்:
நான், ஒழுகும் குழாய்,
பதினேழாம் கட்டில் செங்கோடன்.

அமெரிக்காவில் அப்போதுதான் அந்தி.
மைதான விளக்குகள் எரிகின்றன
அவன் போர்வைக்குள்,
ஆறு அங்குலத்தில்.

ஜவ்வரிசி ஆலை அரவையில் சிக்கிய வலது கை
தலையணை மேல், கட்டுக்குள்.
இடது கட்டைவிரல் மட்டும்
திரையில் மேலும் கீழும் ஊரும்.
கணக்கு, ஓசூர் மச்சான் பேரில்.
பேஸ்பாலை அவன் நேரில் பார்த்ததில்லை.
ஆனால் ஹாஸ்கில் என்றொருவன்
எட்டு நாளாய்ப் பந்தெறியவில்லை,
முழங்கை உள்பக்கம் வீங்கியிருக்கிறது,
வெள்ளாமைக்கு மழை பார்க்கிற மாதிரி
ஊரே அந்த முழங்கையைப் பார்க்கிறது,
அவன் இறங்கினால் எதிரணிக்கு
ஒன்றுக்கு இரண்டே கால்.
இதெல்லாம் பல் தேய்க்கும் முன் சொல்வான்.

"சிஸ்டர், தசைநாரு பாதி கிழிஞ்சா
எத்தன நாள்ல எறிவான்?"

மருந்துத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்:
ஆறு வாரமாவது ஆகும்.
பத்து நாளில் வந்தால்
ஊசி போட்டுக்கொண்டு வருகிறான்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
நர்ஸாக நான் பேசவில்லை.

எதிரணி மேல் எழுநூறு கட்டினான்.
ஹாஸ்கில் வந்தான். நன்றாகவே எறிந்தான்.
மூன்றாம் இன்னிங்ஸில் கையை ஒருமுறை உதறினான்,
கொசு விரட்டுகிற மாதிரி.
வர்ணனையில் அது வரவில்லை.
ரேட் அசையவில்லை.
"போச்சு" என்றேன்.
அடுத்த பந்துக்கு அவன்
மண்ணில் மண்டியிட்டான்.
இங்கே கட்டில் துள்ளி
டிரிப் ஊசி பிடுங்கிக்கொண்டது.

சாயங்காலம் பாவாயி கையில்
எனக்கென்று ஒரு தட்டுவடை செட்.
தின்றேன். பீட்ரூட் சாயம்
ட்யூட்டி முடியும்வரை விரலில் இருந்தது.

நாலாம் நாள்
மோதிர விரலும் சுண்டு விரலும் கறுத்தன.
வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார் சீஃப்.
அன்றைக்கே வார்டில் ரேட் திறந்தது.
தொடையில் எடை தொங்கப் படுத்திருந்த
கண்டக்டர் அர்த்தநாரிதான் புக்கி.
டிக்கெட் கட்டின் முதுகில் எழுதினார்:
இரண்டும் தப்பினால் ஒன்றுக்கு மூன்று,
ஒன்று போனால் ஒன்றரை,
இரண்டும் போனால் இரண்டே கால்.
பத்து ரூபாய், இருபது,
இல்லாதவர் வியாழக்கிழமை முட்டையைக் கட்டினார்கள்.
ஏற்காட்டில் மிளகு பறிக்க ஏறி
சவுக்கிலிருந்து விழுந்த பொன்னுரங்கம்
தப்பும் என்று நூறு வைத்தான்,
பக்கத்துக் கட்டில் என்பதால்.

கட்டுப் பிரிக்கும்போதெல்லாம்
பதினைந்து தலைகள் திரும்பும்,
காயத்துக்கு அல்ல, என் முகத்துக்கு.
மூக்கு கொஞ்சம் சுளித்தால்
அர்த்தநாரி அடித்து எழுதுவார்.
முகத்தைச் சுவராக்கப் பழகினேன்.
பதினாறாவதாய் ஒருவன்
மிக அருகில்
அதே சுவரைப் படித்துக்கொண்டிருந்தான்.

திட்டிப் பிடுங்கியதில்
டிக்கெட் கட்டு என் கைக்கு வந்தது.
கடைசி வரி இடது கைக் கிறுக்கல்:
*ரெண்டும் போகும். 500. செங்கோடன்.*

"ஏய்யா?"

"தப்பிச்சா விரலு. போனா காசு.
ஏதாச்சும் ஒண்ணு கைக்கு வரணுமில்ல சிஸ்டர்."
அப்புறம் மெதுவாக,
"மொதலாளி வந்தாரா?"
வரவில்லை.

வெள்ளி, நாலரை.
ஜன்னலில் ஏற்காட்டு மலைக் கொண்டை ஊசிகளில்
ஒரு லாரியின் விளக்கு
காணாமல் போய்க் காணாமல் போய் ஏறுகிறது.
செங்கோடன் போனை என் பக்கம் திருப்பினான்.
ஹாஸ்கிலுக்கு அறுவை, இந்த ஆண்டு ஆட்டமில்லை.
"அவனுக்கும் வெட்டுறாங்க" என்றான்,
சொந்தக்காரனைச் சொல்வதுபோல.

ஏழு மணிக்கு டிராலி.
அர்த்தநாரி பேனாவை மூடினார்.
லிஃப்ட் கதவு எவர்சில்வர்;
அதில் அவன் தேடியது என் முகம்.
நான் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்:
ஒன்று. இரண்டு.
மூன்றில் கதவு திறந்தது.