உடம்புல இரும்பு இருக்கா

ஐந்து ரோடு ஸ்கேன் சென்டரில்
டோக்கன் நாற்பத்தொன்று.
"செங்கோடன், வயசு முப்பத்தாறு.
உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்கா?"
இரும்பாலை இருக்கிற ஊரில் இப்படி ஒரு கேள்வி.
இருக்கு என்றேன்.
பேனாவை நிறுத்தி என் கிராப்பைப் பார்த்தான் பையன்.
"மிலிட்டரியா சார்? குண்டா?"
முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.
அணைக்க மனசில்லாமல்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஸ்க்ரூ, தம்பி. ஆறு.
ஒரு தகடு.

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
மிளகு மூட்டையோடு ஜீப் ஓட்டிப் பழகியவன் நான்,
வெள்ளக்கடையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.
கவிழ்ந்தது தெற்கு சூடானில்.
ஒரு மேடில்லை, ஒரு திருப்பமில்லை,
தோசைக்கல் மாதிரி தரை.
முந்தின நாள் மழை. கரிசல்.
பின்சக்கரம் வழுக்கியதும்
பத்தாயிரம் லிட்டர் தண்ணீர்
தனக்குப் பிடித்த பக்கம் சாய்ந்தது.
யாரும் சுடவில்லை.
தூரத்தில் மேய்ந்த மாடுகூடத்
திரும்பிப் பார்க்கவில்லை.

டேங்கர் ஒழுகுகிறதென்று
மஞ்சள் கேன்களோடு பெண்கள் ஓடி வந்தார்கள்.
ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள்.
கையிலிருந்த காலிக் கேனை
என் தலைக்கு அடியில் செருகிவிட்டு
இன்னொரு கேன் எடுக்கப் போனாள்.
போகும்போது ஏதோ சொன்னாள்.
அதற்கு நானே அர்த்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன்,
வாரத்துக்கு ஒன்று.

ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் பக்கத்துக் கட்டில்
நாயக் தேவிந்தர், காங்க்ரா பக்கத்து ஆள்.
இடுப்பளவு பனியில் காவல் நின்றவன்
நாற்பது டிகிரி வெயிலில்
மூன்று கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தான்.
நீல ஹெல்மெட்காரனைத் தொடக்கூடாதென்று
கொசுவுக்கு யார் சொல்வது.
ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை
இரண்டு ஞாயிறு மறந்துவிட்டான், அவ்வளவுதான்.
ஒன்பதாம் நாள் அந்தக் கட்டிலை மடித்தார்கள்.
கொடி போர்த்தினார்கள், அதெல்லாம் உண்டு.

என் தாளில் எழுதியிருந்ததை
முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில்
ஒரு அம்மா தமிழில் சொன்னார்:
"போர் சாராத காயம்."
கடைசிக் கவுண்டர், ஃபேன் சத்தம்.
சாராத என்றது
சாராயம் என்று விழுந்தது என் காதில்.
குடித்துவிட்டு ஓட்டினேன் என்று எழுதிவிட்டார்களோ,
மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் நிதானமாக மறுபடி வாசித்தார்.
அது இல்லை என்று தெரிந்தது.
ஆனாலும் பதற்றம் போகவில்லை.

"கழற்ற முடிஞ்சதெல்லாம் கழற்றிடுங்க சார்."
வாட்ச். மோதிரம். அரைஞாண்.
பையன் இப்போது முகம் பார்க்கவில்லை.

கடைசி பஸ்ஸில் மலை ஏறுகிறோம்.
டிரைவர் சின்ன வயசு, நன்றாகத்தான் ஓட்டுகிறான்.
என் வலது கால் மட்டும்
ஒவ்வொரு வளைவிலும்
பஸ்ஸின் தகரத் தரையில்
இல்லாத பிரேக்கை அழுத்துகிறது.
பூங்காவனம் ஜன்னலைப் பார்த்தபடியே
என் தொடைமேல் கை வைக்கிறாள்.
பதினெட்டு, என்கிறாள்.
இன்னும் ரெண்டுதான்.