மாதிரி எண் இல்லை

இருபக்கக் கொக்கிகளையும் விடுவித்து
முன்னால் கவிழ்த்தால்
முகம் மொத்தமும் திறந்துகொள்ளும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.
முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து
வேலை பார்க்கலாம்.
உட்கார்ந்தேன்.
சத்துவாச்சாரியில் மே மாதம், காலை ஆறேகால்.
நேற்றைய வெயில் இன்னும் இறங்கவில்லை டயரிலிருந்து.

உள்ளே என்ஜின் என்று எதுவும் தெரியவில்லை.
கறுப்புதான் இருந்தது,
விரல் வைத்தால் முதல் கணுவரை போகிற கறுப்பு.
விற்றவர் குடியாத்தம் தீப்பெட்டி ஏஜெண்ட் கருணாமூர்த்தி.
"எண்ணெய் கசியுதுன்னா
உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்மா" என்றார்,
நோட்டுகளை இரண்டாம் முறை எண்ணிக்கொண்டே.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பால் கவர், அதன்மேல் ரப்பர் பேண்ட்.
கார்புரேட்டர் வாயில் ஒற்றைச் சாக்ஸ்.
பேட்டரி கழன்று படிக்கட்டு நிழலுக்குப் போனது.
மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது,
டீசலும் சோப்புத்தூளும்தான்.
பட்டிக் கத்தி, தேய்ந்த டூத் பிரஷ் மூன்று,
ஒரு தோசைக்கரண்டி
(இனி அது சமையலறைக்குத் திரும்பாது).

மேலே கூழ்.
கூழுக்குக் கீழே பிசைந்த மண்.
அதற்கும் கீழே தார், தகடு தகடாகப் பெயர்ந்தது.
தாரில் தலை எரியாத தீக்குச்சிகள் ஏழு,
ஒரு சட்டைப் பொத்தான்,
தேங்காய் நாரும் பஸ் டிக்கெட்டும் வைத்து
எலி கட்டிய வீடு.
குடியிருந்தது காலி செய்து பல வருஷம் இருக்கும்.

பத்தரை மணிக்கு இரும்பில் ஓர் எண் எழுந்து வந்தது.
ஆர்.சி. புத்தகத்தில் மூன்று என்றிருக்கும் இடத்தில்
இங்கே எட்டு.
யாரோ ஒரு குமாஸ்தா
எண்ணெய் விட்டுவைத்த பாதியைப் பார்த்து
மீதியை ஊகித்திருக்கிறார்.
நான் அவர்மேல் கோபப்படவில்லை.
பிறகு, பேட்டரித் தட்டுக்குப் பின்னால், ஒரு சாண் அளவு பெயின்ட்:
நீலம் என்றால் நீலம், பச்சை என்றால் பச்சை.
வெளியில் கார் வெள்ளை.

மதியத்துக்குள் இரண்டு வாளி நிறைந்தது.
எதிர்வீட்டு வேதவல்லி மாடியிலிருந்தே சொன்னாள்:
"சாக்கடையில ஊத்திட்டு குளிக்கப் போ, பூங்கோதை.
ஊரே அதத்தான செய்யுது."

ராணிப்பேட்டையில் எனக்கு வேலை.
தோல் கம்பெனிகளின் கழிவுநீர்
பாட்டில் பாட்டிலாக என் மேசைக்கு வரும்.
எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்,
தாண்டினால் சிவப்பு மை.
பதினோரு வருஷம்.
ஒருவர் என் மேசைமுன் நின்று கேட்டார்,
"கண்ணுக்காவது தெரியுதாம்மா அது?"

தெரிந்தது. இரண்டு வாளி.
இந்தச் சாக்கடை எங்கே போகுமென்றும் தெரியும்.
தண்ணீர் இருக்கிற ஆறு கொஞ்சமாவது கலக்கிப் பார்க்கும்.
பாலாறு வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும்.

மூடி போட்டேன்.
கை தன் பழக்கத்துக்கு
மாஸ்கிங் டேப் கிழித்து எழுதியது:
தேதி. நேரம். எடுத்த இடம். எடுத்தவர்.
மாதிரி எண் என்ற இடத்தில் நின்றுவிட்டது.

சாயங்காலம் மூன்றாம் முறை சாவி திருப்ப
உறுமிப் பிடித்தது.
கல்யாண வீட்டு அண்டாபோல் பளபளப்பு.
ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன்.
ஆறாவது நிமிஷம்
டாப்பெட் கவர் விளிம்பில்
தேன்நிறத்தில் ஒன்று திரண்டு, தயங்கி,
விழுந்தது.

மேல்விஷாரம் ஃபயாஸுக்கு போன் போட்டேன்.
"அழுக்க ஏன்கா எடுத்தீங்க?" சிரிப்பு அடங்கவில்லை அவனுக்கு.
"அதுதான் இத்தன நாளா கேஸ்கட்."

காலையில் எங்கிருந்தும் கசிந்தது.
இப்போது இடதுபக்க ஓரத்திலிருந்து, அங்கிருந்து மட்டும்.
அடியில் ஒரு பாட்டில் மூடியை வைத்தேன்.
நாளை கார்க் ஷீட் வாங்கவேண்டும்.
வாளிகள் இரண்டையும் டிக்கியில் ஏற்றியிருக்கிறேன்.
எங்கே கொண்டுபோவது என்று
திங்கட்கிழமை ஆபீஸில் கேட்கவேண்டும்,
என் பெயரைச் சொல்லாமல்.