அன்புள்ள இன்ஃபோ

டிசம்பர் எட்டு, காலை ஏழரை.
வார்டோவில் சூரியன் இனி ஜனவரியில்தான்.
கருவாட்டு வாடை ஊறிய அலுவலகத்தில்
விளக்கைப் போடுமுன் திரையைப் போடுகிறேன்.
இரவில் வந்து விழுந்தவை நூற்றுப் பதினான்கு.

இவற்றைப் படிப்பது என் வேலை.
சிரிக்காதீர்கள்.
மூன்று வருடம் முன்பு போர்ச்சுகலிலிருந்து
பதினெட்டு டன் கருவாட்டுக்கு ஆர்டர் வந்தது.
நேராகக் குப்பைப் பெட்டிக்குள் போய்
முப்பது நாள் கிடந்து
தானாக அழிந்தது.
அன்றிலிருந்து முதலாளி ஓட்வாரின் கட்டளை:
"தூரித், படிக்காமல் எதையும் அழிக்காதே."
உமிக்குள் அரிசி தேடச்
சம்பளம் தருகிறார்.

எல்லோருக்கும் நான் அன்புள்ள இன்ஃபோ.
கம்பெனி முகவரியின் முதல் சொல் அது,
ஆள் பெயர் என்று நினைத்துவிட்டார்கள்.
அன்புள்ள இன்ஃபோ, உங்கள் வழுக்கைக்கு விடிவு பிறந்தது.
(எனக்கு இடுப்புவரை பின்னல்.)
அன்புள்ள இன்ஃபோ, உங்கள் மனைவி இனிக் குறைசொல்ல மாட்டாள்.
அன்புள்ள இன்ஃபோ, என் கணவர் தளபதி காலமானார்,
நாற்பது லட்சம் டாலரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மாதம் இருமுறை விதவையாகிறாள் அந்தப் பெண்,
ஒவ்வொரு முறையும் வேறு நாட்டில்
அதே எழுத்துப்பிழையோடு.

பிழை வேண்டுமென்றே விட்டதாம், ஓட்வாரின் தம்பி சொன்னான்.
அதைப் பார்த்தும் பதில் போடுகிறவன்தான்
அவர்கள் சல்லடையில் மிஞ்சுகிறவன்.
அவர்களை நான் சலிக்க
என்னை அவர்கள் சலிக்க
சலித்துச் சலித்தே
இரு பக்கமும் சலித்துவிட்டது.

சிலவற்றின் அடியில்
வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து.
மவுஸை இழுத்துத் தேய்த்தால் எழும்பி வரும்:
குடை பிஷப் ஓட்ஸ்கஞ்சி செவ்வாய்க்கிழமைக் குதிரைகள்
கதவுக்கு இருமல் நீலம் நீலம் தோட்டக்காரன்.
எந்திரத்தை ஏமாற்ற
எந்திரம் முணுமுணுத்தது.
இடையில் நான் ஒட்டுக்கேட்கிறேன்.
எங்கள் குளிர்கிடங்கின் கதவு
உண்மையிலேயே இருமும்.
இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

நவம்பர் பத்தொன்பதில் ஒன்று வந்தது.
சுட்டி இல்லை, இணைப்பு இல்லை, விலை இல்லை.
தேய்த்துப் பார்த்தேன், வெள்ளை எழுத்தும் இல்லை.
ஒரே வரி:
பெட்டி வந்து சேர்ந்ததா?

திருடன் என்றால்
எதையாவது கேட்க வேண்டாமா?
அரைநாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.
பிறகு, ஓட்வாருக்குத் தெரியாமல், பதில் போட்டேன்:
எந்தப் பெட்டி?
நாற்பது நொடியில் திரும்பி வந்தது,
அப்படி ஒரு முகவரியே உலகத்தில் இல்லையாம்.

அன்று மாலை டார்ச்சை எடுத்துக்கொண்டு
கிடங்கில் பெட்டிகளை எண்ணினேன்.
கணக்கு சரியாக இருந்தது.
ஏனோ அது ஏமாற்றமாக இருந்தது.

நேற்று அவெய்ரோவிலிருந்து போன்.
கஸ்தன்யெய்ரா, பழைய வாடிக்கையாளர்.
"ஆறு வாரமாகக் கடிதமில்லையே என்று தேடினேன் அம்மா,
எங்கள் குப்பைப் பெட்டியில் கிடக்கிறீர்கள்,
ஒரு தளபதியின் விதவைக்குப் பக்கத்தில்.
பேத்துவதைப் படிக்கட்டுமா?"
மொழிபெயர்ப்பு எந்திரத்தில் போட்டு
நான் அனுப்பியது அது.
நிதானமாகப் படித்தார்:
"மேன்மைமிகு தலைவரே,
எங்கள் உலர்ந்த உடல்கள் உமக்காகத் தொங்குகின்றன.
இரகசியமாகவும் அவசரமாகவும் ஏற்றுக்கொள்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்,
அவருக்குச் சற்றுப் பின்னால்.
இரண்டு டன் கேட்டார்.

இன்றைய நூற்றுப் பதினான்கையும் அழித்தாயிற்று.
அந்த ஒற்றை வரியை மட்டும்
குப்பையிலிருந்து எடுக்கவுமில்லை, அழிக்கவுமில்லை.
அதற்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.