தண்ணீர் ஊற்ற வேண்டாம்

மாதத்துக்கு ஒருதரம் போதும் என்றான் நிசாம்,
புத்தளத்து உப்பு லொறிக்காரன்,
பழைய கடதாசியில் சுற்றிய கன்றுகள் மூன்றை
இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்தபடி.
மணல் வேண்டும், வெயில் வேண்டும்,
மற்றபடி மறந்துவிட வேண்டும்.

மஸ்கெலியாவில் நான் மறந்தாலும்
மழை மறக்காது.

முதல் கன்று ஆனியிலேயே போயிற்று.
பார்த்தால் பச்சை, பிடித்தால் கூழ்.
இரண்டாவதை ஜன்னலுக்கு உள்ளே வைத்தேன்.
மூடுபனிக்கு ஜன்னல் ஒரு பொருட்டா?

மூன்றாவதை வேலைக்குக் கொண்டுபோனேன்.
கொழுந்து உலர்த்தும் அடுப்புக்கு
விறகு தள்ளுகிறவன் நான்.
அடுப்புச் சுவரின் பின்பக்கம்
கை வைத்தால் தெரியாது, கன்னம் வைத்தால் தெரியும்,
அப்படியொரு சூடு.
கூரையில் ஒரு கண்ணாடித் தகடு,
பகலில் ஒரு சாண் வெளிச்சம்.
பால்மா டின்னின் அடியில் ஆணியால் ஏழு துளை,
பாதி ஆற்றுமணல், பாதி செங்கல் நொறுங்கல்.

சின்னத்துரை கேட்டார்: இது என்ன இங்கே?
முதலுதவிப் பெட்டி, சேர்.
(சுவரில் தொங்கிய பெட்டியில்
ஒரு கத்தரிக்கோல் மட்டும் இருந்தது.)

அடுப்புக் கதவு யோகமலரின் முழங்கையைத் தொட்ட இரவு
அடி மடல் ஒன்றை அறுத்தேன்.
மஞ்சள் பால் வடியும்வரை சாய்த்து வைத்து,
முள்ளைச் சீவி, தோலை உரித்து,
வழுக்கும் சதையை அவள் கையில் வைத்தேன்.
குளிருது, என்றாள்.
எங்கள் தோட்டத்தில் அந்தச் சொல்லைச்
சிரித்துக்கொண்டு ஒருவர் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

நான்கு வருடம் வளர்ந்தது.
பக்கக் கன்றுகளை ஆளுக்கொன்றாய்க் கொடுத்தேன்.
எல்லாரும் அன்பாய்த் தண்ணீர் ஊற்றிக் கொன்றார்கள்.

இந்த வருடம் கொழுந்து குறைவு.
வாரத்தில் மூன்று நாள்தான் அடுப்பு, பிறகு இரண்டு.
அறிவித்தல் பலகையில் ஒன்றும் ஒட்டவில்லை.
டின்னுக்குள் ஒரு மடல்
அடியில் கண்ணாடியாகி
என் விரலுக்கு வழிவிட்டது.

பிடுங்கினேன்.
அழுகிய வேரை பிளேடால் அரிந்தேன்.
வெட்டுக் காய நான்கு நாள் ஈரமில்லாத இடம் வேண்டும்.
சுவரில் கன்னம் வைத்துப் பார்த்தேன்.
வெறும் சுவர்.

சட்டைக்குள் வைத்துக்கொண்டு
லயத்தில் கதவு கதவாய்க் கேட்டேன்.
யோகமலர் தன் அடுப்புக்கு மேலிருந்த பலகையில்
நெருப்புப் பெட்டியை நகர்த்தினாள்,
உப்புப் போத்தலை எடுத்தாள்.
நாலு நாள்தானே, என்றாள்.

அது ஐப்பசியில்.
இப்போது தை.
பலகையில் டின் இருக்கிறது, நடுவில் ஒரு புதுக் குருத்து.
உப்புப் போத்தல் ஜன்னலோரம்
கசிந்துகொண்டிருக்கிறது.