ஏழாம் எண் இரும்பு

கரைப்பான் டப்பாவில் எழுதியிருக்கிறது:
காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்.
கராஜ் கதவை முழங்கால் உயரம் தூக்கினேன்.
அக்குரேரியின் மார்ச் மாதம்
அழைக்காமலே உள்ளே வந்து
கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.
தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
பாதம் வெதுவெதுப்பு,
அதற்கு ஒரு சாண் மேலே பனிக்கட்டி.

ஹாவ்லிடியின் குறுஞ்செய்தி
செவ்வாய்க்கிழமை வந்தது, பெர்கனிலிருந்து:
கோல்ஃப் மட்டைகளை மட்டும் அனுப்பிவிடு,
கூரியர் செலவு என்னுடையது.
அந்த ‘மட்டும்’ என்கிற சொல்லை
இரண்டு நாள் வாயில் வைத்திருந்தேன்
மீன்முள் மாதிரி.

வியாழனன்று
பதினான்கு கைப்பிடி உறைகள் வாங்கினேன்.
சின்ன அளவு. என் கைக்கு.
கத்திரிப்பூ நிறம்.

கொக்கிக் கத்தியை எப்போதும்
உடம்புக்கு எதிர்ப்பக்கமாக இழுக்க வேண்டுமாம்.
யாருக்குச் சொல்கிறீர்கள்?
பத்தொன்பது வருடம் மீன் ஆலையில்
காட் மீனை உரித்த கை இது.
வைஸில் இறுக்கி
ஒரே இழுப்பு.
கருப்பு ரப்பர் இரண்டாகப் பிளந்து
சின்ன முனகலோடு கழன்றது.

உள்ளே பழைய நாடா,
பழுத்து, பிசுபிசுத்து,
நகத்துக்கு வராமல் அடம்பிடித்தது.
ஹேர் டிரையரைக் காட்டினேன்.
அவன் கொடுத்த நாற்பதாவது பிறந்தநாள் பரிசு.
வீண்போகவில்லை.

உரித்த தோல்கள் தரையில் குவிந்தன.
ஒவ்வொன்றிலும் அவன் இடது கட்டைவிரல்
தேய்த்த ஒரு பள்ளம்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
உள்ளே விழுந்து காணாமல் போயிற்று.

ஜூன் மாத நடுநிசி வெயிலில்
எத்தனை முறை அவனோடு போயிருக்கிறேன்,
பை தூக்க.
எட்டாம் குழியருகே
ஓரடி தூரத்தில் அவன் தவறவிடுவான்.
காற்று என்பான்.
காற்றே இருக்காது.
நான் கொடிக்கம்பைப் பிடித்தபடி
அதே பந்தை மனசுக்குள் தட்டி
குழியில் போடுவேன்.
போட்டதை யாரிடமும் சொன்னதில்லை.

புது நாடாவைச் சுற்று.
உறையின் அடித்துளையை மர ஆணியால் அடை.
உள்ளே கரைப்பானை ஊற்றிக் குலுக்கி
மிச்சத்தை நாடாமேல் வார்.
பிறகு ஒரே மூச்சு,
அடிவரைக்கும்.
தயங்கினால் பாதியில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் மூன்றும்
வெண்ணெய்யில் இறங்கிய மாதிரி.
ஐந்தாம் எண். ஆறாம் எண்.
ஏழாம் எண் இரும்பில்
உறை பாதி ஏறியிருந்தபோது
பெஞ்சின்மேல் போன் அதிர்ந்தது.
அனுப்பிவிட்டாயா?
நாலு விநாடி பார்த்திருப்பேன்,
அவ்வளவுதான்.
நாடா பிடித்துக்கொண்டது.
ஏறவும் இல்லை. இறங்கவும் இல்லை.

கதவுக்கடியில் இரண்டு பூட்ஸ் தெரிந்தன.
குனிந்து வந்தாள் பக்கத்துவீட்டு ஓட்னி.
பெட்ரோல் குடிக்கிறாயா என்ன, தெருவரைக்கும் நாறுகிறது?
மட்டையின் தலையை அவள் பிடிக்க
வாலை நான் பிடிக்க
இருவரும் இழுத்து
அவள் போய் விழுந்தது
பனி வாரும் மண்வெட்டியின்மேல்.
உறை அசையவில்லை.
விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள்,
பிறகு அந்த அரைகுறை மட்டையைத் தூக்கிப் பார்த்து,
ஸ்டெய்னுன், இதை வெட்டி எறியாதே, என்றாள்.

வெட்டவில்லை.
இரவு பத்து மணிக்கு
அட்டையில் சுற்றி, முகவரி எழுதி,
சமையலறைத் தராசில் வைத்தேன்.
ஒற்றை மட்டைக்கு
அவ்வளவு ஒன்றும் ஆகாது செலவு.

மற்ற பதின்மூன்றும்
கத்திரிப்பூத் தலைப்பாகையோடு
சுவரோரம் வரிசையாக நிற்கின்றன.
டப்பாவை மறுபடி படித்தேன்:
காலைவரை பிடிக்கக் கூடாது.
விளக்கை அணைக்கப் போய்
திரும்பி வந்தேன்.
இரண்டு கையையும்
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.