தகட்டில் இருந்த முகவரி

மார்த்தாண்டத்தில் பாலத்தை ஒட்டி
இரண்டாம் மாடி, கண்ணாடிக் கதவு,
சுவர் முழுக்க ஒரு விமானம்.
மூணு லட்சத்து எண்பது என்றார்.
பாஸ்போர்ட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்றார்.
என்ன வேலை என்று கேட்டேன்.
'ஹெல்பர்' என்றார், தலை நிமிராமல்.

ஹெல்பர்.
தேங்காய்பட்டணம் துறையில் பன்னிரண்டு வருஷம்,
கியர்பெட்டி போடும் சத்தத்தைக் கேட்டே
எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன்.
பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் திருப்பிப் போட்டேன்.
அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை.
இறங்கும்போது நின்று
அதையும் ஒரு பார்வை பார்த்தேன்.

அந்த வாரம்தான் ஒரு வின்ச் வந்தது,
கொச்சியிலிருந்து, நாலு கை மாறி.
துருவைச் சுரண்டினால்
உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடு:
கம்பெனி பெயர், வருஷம்,
டென்மார்க்கில் ஒரு தெரு,
கதவு எண் பதினான்கு.

வெளிநாட்டுக்குக் கதவு எண் உண்டு என்று
எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

பிரித்தேன். ஒன்பது படம் எடுத்தேன்:
விரிசல், நான் கடைந்து போட்ட புஷ்,
மறுபடி சுற்றும் டிரம்.
தங்கை மகள் ஷெரின் ஆங்கிலத்தில் அடித்தாள்.
'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம் பிள்ளே,
கும்பிட்டுத் தொடங்கினால் குனிந்தேதான் முடிக்கணும்.
'உங்கள் வின்ச் ஒன்று என்னிடம் இருக்கிறது'
என்று ஆரம்பி.

பதில் இல்லை.

இரவு பதினொன்றுக்குப் போனில்
வரைபடத்தைத் திறந்து அந்தத் தெருவில் நடந்தேன்.
படகுப் பட்டறை. வலைக்கடை. பூட்டிக் கிடக்கும் மீன் ஆலை.
ஒரு வாசலில் யாரோ கவிழ்த்து வைத்த ரப்பர் பூட்ஸ்.
இருபத்தாறு வாசலுக்கு எழுதினேன்,
ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கடிதம்.

'ஏஜென்ட் இல்லாம எவம்லே போயிருக்கான்?'
சாயாக்கடையில் வர்ஜில் கேட்டான்.
சரிதான். எனக்கும் ஒருத்தனையும் தெரியாது.
'இன்னும் எத்தன நாளு போன பாத்துட்டு இருப்பிய?'
வீட்டில் பிரைசி.
கரமடி போட்டிருக்கு, இழுத்துக் கரைசேர்க்க நேரமாவும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

பிறகு கூப்பிட்டேன்.
அங்கே காலை எட்டு, இங்கே பதினொன்றரை,
அலைத்தடுப்புக் கல்லின் கடைசியில் நின்றால்தான்
போனுக்குக் கோடு முழுசாக வரும்.
நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து போயிருந்தேன்.
ஒரு பெண் குரல் வந்ததும்
நாலும் கடலில் போயிற்று.
தகட்டில் இருந்த எண்ணை மட்டும்
இலக்கம் இலக்கமாகச் சொன்னேன்,
எனக்கு வேறு இங்கிலீஷ் அப்போது இல்லை.

மௌனம். யாரையோ கூப்பிடும் சத்தம்.
கரகரத்த ஓர் ஆண் குரல்:
புஷ்ஷை எந்த உலோகத்தில் கடைந்தாய்?
பழைய புரொப்பல்லர் என்றேன். நானே உருக்கினேன்.
தண்டின் கனம் என்ன?
பார்த்துச் சொல்கிறேன்.
வேலை இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
அளவுகளை அனுப்பு, இன்றைக்கே, என்றார்.

வின்ச்சோ கடலில்.
போட்டு கரைக்கு வரப் பதினெட்டு நாளாகும்.

துறைமுக ஆபீசில் வயர்லெஸ்ஸைக் கெஞ்சி வாங்கினேன்.
'மக்கா, ஸ்கேல் கெடக்கா அங்க?'
குரல் எட்டவில்லை;
இடையில் கிடந்த போட்டு ஒன்று வாங்கிச் சொன்னது,
அதற்கும் அப்பால் இன்னொன்று.
என் ஒரு தண்டின் கனம்
மூன்று போட்டு தாண்டிக் காற்றோடு வந்தது.
அம்பத்திரண்டு.
இல்ல, அம்பத்தொண்ணரை.
கிரீஸ் துடைச்சிட்டா அளந்தே என்று கேளுங்கள்.
கேட்டார்கள்.
சாக்குக்கட்டியைச் சுவரில் வைத்தபடி
நின்றுகொண்டிருக்கிறேன்.